கற்பனை உலகத்தில் ஓர் ஏரியை உருவாக்குவது எப்படி: பள்ளம், நீர்மட்டம், வரலாறு

ஃபேன்டஸி கதைக்கோ விளையாட்டுக்கோ வரைபடம் போடுகிறவர்கள் மலைத்தொடரையும் ஆறுகளையும் யோசித்து வைப்பார்கள். ஏரி என்று வந்தால் காலியாகக் கிடக்கும் இடத்தில் நீலமாக ஒரு வட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். பிறகு அந்த ஏரிக்கு வரலாறு எழுத உட்கார்ந்தால் கையில் எதுவும் இருக்காது. மூழ்கிய நகரம், பழைய சாபம், பெரிய போர் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும். ஏரியின் வரலாறு அதன் நீர்மட்டத்தில் இருக்கிறது. மட்டம் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, ஏன் என்பதை முடிவு செய்துவிட்டால் துறைமுகங்கள், எல்லைத் தகராறுகள், கைவிடப்பட்ட ஊர்கள், வழிபாடுகள் எல்லாம் அதிலிருந்தே கிளைத்து வரும். ஆகவே வேலையைப் பள்ளத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள்.

பள்ளம் எப்படி வந்தது

ஏரியின் வடிவத்தைப் பார்த்தே அதன் பிறப்பைச் சொல்லிவிடலாம். நிலத்தட்டு பிளந்து உண்டான ஏரி நீளமாகவும் ஒடுக்கமாகவும் மிக ஆழமாகவும் இருக்கும். ரஷ்யாவின் பைக்கால் 1,642 மீட்டர் ஆழம், ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏறத்தாழ 1,470 மீட்டர். இரண்டும் இந்த வகை. இப்படிப்பட்ட ஏரிகள்தான் பல லட்சம் ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பைக்காலின் வயது சுமார் 2.5 கோடி ஆண்டு. உங்கள் கதைக்கு உலகத்தின் தொடக்கத்தைப் பார்த்த ஏரி வேண்டுமென்றால் பிளவுப் பள்ளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எரிமலை வாய் இடிந்து விழுந்து நிரம்பிய ஏரி வட்டமாக, செங்குத்தான கரையோடு, பெரும்பாலும் ஆறே வந்து சேராமல் இருக்கும். அமெரிக்காவின் கிரேட்டர் (Crater) ஏரி சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அப்படி உண்டானது. மழையும் பனியும்தான் அதை நிரப்புகின்றன. பனியாறு தோண்டிய ஏரிகள் மலைப் பள்ளத்தாக்குகளில் விரல்களைப் போல நீண்டு கிடக்கும். ஆறு தன் வளைவைக் கைவிட்டுப் போன இடத்தில் பிறை வடிவக் குட்டை மிஞ்சும். அதற்குப் பெரிய வரலாறெல்லாம் தாங்காது. சில நூற்றாண்டுகளில் சேறாகிவிடும்.

கதை சொல்ல மிகவும் உதவுவது அடைபட்ட பள்ளத்தாக்கு ஏரி. மலைச்சரிவோ எரிமலைக் குழம்போ ஆற்றை மறிக்கிறது. பின்னால் தண்ணீர் ஏறுகிறது. 1911-இல் மத்திய ஆசியாவின் பாமீர் மலையில் நிலநடுக்கம் மலையைச் சரித்து முர்காப் ஆற்றை மறித்தது. உசோய் என்ற ஊர் மண்ணுக்கடியில் போனது. சரேஸ் என்ற ஊர் தண்ணீரில் மூழ்கி ஏரிக்குத் தன் பெயரைக் கொடுத்தது. அந்த இயற்கை அணை 500 மீட்டருக்கும் மேல் உயரம், இன்றும் நிற்கிறது. இந்த வகை ஏரிக்குப் பிறந்த நாள் உண்டு, அதைப் பார்த்த சாட்சிகள் உண்டு, உடைந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. இவ்வளவையும் நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வழிகாட்டியின் மீதிப் பகுதிக்கு அப்படி ஓர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து தெற்கே சரியும் பள்ளத்தாக்கு. தென்முனையில் எரிமலைக் குழம்பு ஓடிவந்து ஆற்றை மறித்தது. நிரம்பியபோது நீளம் 90 கி.மீ., பரப்பு 1,400 சதுர கி.மீ., அணையருகே ஆழம் 170 மீட்டர், சராசரி ஆழம் 60 மீட்டர். அடைபட்ட ஏரியில் ஆழமான இடம் எப்போதும் அணையை ஒட்டித்தான் இருக்கும். நட்ட நடுவில் வைத்தால் பள்ளத்தாக்கின் சரிவோடு ஒத்துவராது.

வரவும் செலவும்

வரைபடங்களில் அடிக்கடி காணப்படும் பிழை ஒரே ஏரியிலிருந்து இரண்டு மூன்று ஆறுகள் கிளம்புவது. தண்ணீர் கரையின் மிகத் தாழ்ந்த புள்ளி வழியாக வழியும். வழிய வழிய அந்த இடத்தை அரித்து இன்னும் தாழ்த்தும். இரண்டாவது வழி தானாகவே வறண்டுவிடும். பைக்காலுக்குள் 300-க்கும் மேற்பட்ட ஆறுகள் வருகின்றன, வெளியேறுவது அங்காரா ஒன்றுதான். விதிவிலக்குகள் இருக்கின்றன: அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் உள்ள ஐசா ஏரி மலைமுகட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இரண்டு பக்கமும் வழிகிறது. ஆனால் அது சிறு குளம். உங்கள் ஏரிக்கு இரண்டு வாய் வேண்டுமென்றால் ஒன்றை மனிதர்கள் வெட்டிய கால்வாயாக வைத்துவிடுங்கள். யார் வெட்டினார்கள், யார் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வியே ஓர் அத்தியாயத்துக்கு ஆகும்.

வெளியேற வழியே இல்லாத ஏரி உப்பாகும். ஆறுகள் கொண்டுவரும் உப்பு தங்கிவிட, தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. சாக்கடல் சாதாரணக் கடலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. காஸ்பியன் கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு. எரிமலை ஒன்று வெளிவழியை அடைத்ததால் உண்டான துருக்கியின் வான் ஏரி சோடா கரைந்து வழுவழுவென்று இருக்கும். வடிகால் இல்லாத ஏரிக்கரையில் நன்னீர் குடித்து வாழும் நகரத்தை வைத்தால் வாசகர் உடனே பிடித்துவிடுவார். நகரத்தை ஆறு வந்து சேரும் முகத்துக்கு நகர்த்துங்கள்.

இப்படிப்பட்ட ஏரியின் பரப்பைச் சுலபமாகக் கணக்கிடலாம். ஆண்டு நீர்வரத்தை, ஆவியாதலிலிருந்து மழையைக் கழித்து வரும் உயரத்தால் வகுக்க வேண்டும். நொடிக்கு 100 கன மீட்டர் வரும் ஆறு ஆண்டுக்கு 3.15 கன கி.மீ. தண்ணீர் தரும். வெயில் நாட்டில் நிகர ஆவியாதல் ஆண்டுக்கு 1.5 மீட்டர் என்றால் ஏரி 2,100 சதுர கி.மீ.யில் நிற்கும். ஆற்றின் பாதியைப் பாசனத்துக்குத் திருப்பினால் பரப்பும் பாதியாகும். 1960-களுக்குப் பிறகு மத்திய ஆசியாவின் ஆரல் கடல் என்ற ஏரிக்கு நேர்ந்தது இதுதான். அமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் பருத்தி வயல்களுக்குப் போயின. கரை பின்வாங்கி, மீன்பிடித் துறையாக இருந்த ஊர்கள் உப்புப் பாலைவனத்துக்கு நடுவே மிஞ்சின.

நம் மாதிரி ஏரி குளிர்ந்த நாட்டில் இருக்கிறது. அதன் மேல் பெய்வதும் ஆவியாவதும் சமம் என்று வைத்துக்கொள்வோம். வரத்து அதே 100 கன மீட்டர். கொள்ளளவு 84 கன கி.மீ. அப்படியானால் நிரம்ப சுமார் 27 ஆண்டு. அந்த 27 ஆண்டும் ஒரே வேகத்தில் போகாது, கவனியுங்கள். அடியில் பள்ளத்தாக்கு ஒடுக்கமானது. முதல் ஆண்டிலேயே அணையருகே 50 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். பத்தாம் ஆண்டில் 120 மீட்டர். மீதி 50 மீட்டருக்குப் பதினேழு ஆண்டு பிடிக்கும். கடைசியில் ஆண்டுக்கு இரண்டேகால் மீட்டர்தான்.

இந்த எண்களை மனிதர்கள் மேல் போட்டுப் பாருங்கள். பள்ளத்தாக்கின் அடியில் இருந்தவர்கள் ஓடினார்கள். அவர்களிடம் மிஞ்சுவது பேரழிவுக் கதை. மேட்டில் இருந்தவர்கள் வீட்டைப் பிரித்து, மரச்சட்டங்களையும் கதவுகளையும் தூக்கிக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே நகர்ந்தார்கள். அவர்களிடம் மிஞ்சுவது பொறுமையும், நில உரிமை பற்றிய தீராத வழக்கும். ஒரே ஏரி, ஒரே தலைமுறை, இரண்டு விதமான நினைவு. இரு கரை மக்களுக்கும் பொதுவான ஒரே தொன்மத்தை எழுதுவது இந்த இடத்தில் பெரிய இழப்பு.

மட்டம் இறங்கியபோது

ஏரி நிரம்பி நானூறு ஆண்டு கழித்து மட்டம் 30 மீட்டர் இறங்கியது என்று வைப்போம். தன்னால் அரிக்கப்பட்டு இறங்கலாம், ஆனால் மனிதர் கை பட்டிருந்தால் வரலாறு கூர்மையாகும். 1810-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கீழே உள்ள ஆலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு ஏரிக்கரையில் சிறு வாய்க்கால் வெட்டினார்கள். மேலே கெட்டியான மண், அடியில் தளர்ந்த மணல். வெட்டிய இடம் சரிந்து முழு ஏரியும் அன்றே காலியானது. நம் ஏரியில் யாரோ ஒருவர் வயலில் தேங்கும் நீரை வடிக்க, எரிமலைப் பாறையும் பழைய மலைச்சரிவும் சேரும் பலவீனமான ஓரத்தில் இரண்டு மீட்டர் தோண்டியிருக்கலாம். மீதியைத் தண்ணீரே செய்துவிடும்.

30 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 35 கன கி.மீ. தண்ணீர் கீழே போகும். பத்து நாளில் போனால் நொடிக்கு 41,000 கன மீட்டர். அந்த ஆறு வழக்கமாகச் சுமப்பதைப் போல 400 மடங்கு. கீழ்ப் பள்ளத்தாக்கில் மண் மிஞ்சாது, வெறும் பாறைதான். பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில் வட அமெரிக்காவின் பான்னவில் ஏரி இப்படி உடைந்து நூறு மீட்டருக்கு மேல் இறங்கியது. அதன் பழைய கரைகள் மலைச்சரிவுகளில் கிடைக்கோடுகளாக இன்றும் தெரிகின்றன.

கரை எவ்வளவு நகர்ந்தது என்பது சரிவைப் பொறுத்தது. கிழக்கே செங்குத்துப் பாறை. அங்கே 45 பாகைச் சரிவில் 30 மீட்டர் இறங்கினால் கரை பக்கவாட்டில் 30 மீட்டர்தான் நகரும். வடமுனையில் ஆறு சேறு கொட்டிய சமவெளி, கி.மீ.க்கு 2 மீட்டர் சரிவு. அங்கே கரை 15 கி.மீ. பின்வாங்கும். கிழக்குக் கரைக் கோட்டை ஒரு படிக்கட்டு கட்டிச் சமாளித்துவிடும். வடமுனைத் துறைமுக நகரம் ஒரே மாதத்தில் உள்நாட்டு ஊராகிவிடும். புதிதாக வெளிப்பட்ட நிலம் யாருக்குச் சொந்தம்? பழைய கரை வரை பட்டா வைத்திருந்தவர்களுக்கா, முதலில் ஏர் பூட்டியவர்களுக்கா, ஏரியே தன்னுடையது என்று சொல்லும் அரசுக்கா? சொல்லப்போனால் உங்கள் உலகத்தின் நூறு ஆண்டு அரசியலை இந்தக் கேள்வி ஒன்றே நடத்தும்.

இறங்கிய பிறகு நம் ஏரி 75 கி.மீ. நீளம், 980 சதுர கி.மீ., 48 கன கி.மீ. கதை நடக்கும் காலத்து வரைபடத்தில் இந்த அளவைப் போடுங்கள்.

தடயங்களைக் கதைமாந்தர் கண்ணில் படும்படி வையுங்கள். பாறை முகத்தில் தண்ணீருக்கு 30 மீட்டர் மேலே படகு கட்டும் இரும்பு வளையம். துருப்பிடித்து மெலிந்திருக்கிறது, வளையத்துக்குக் கீழே கயிறு உராய்ந்து உராய்ந்து விரல் அகலத்துக்குப் பாறையில் பள்ளம். அதே மட்டத்தில், உழும்போது கொத்துக் கொத்தாகக் கிளம்பும் நத்தை ஓடுகள். தண்ணீருக்குள் நின்றபடியே செத்த மரங்கள்: கசகஸ்தானின் கைந்தி ஏரியில் மூழ்கிய ஊசியிலை மரங்களின் தண்டுகள் இன்றும் கம்பங்களாக நிற்கின்றன. அமைதியான ஏரியின் அடிச்சேறு ஆண்டுக்கொரு வரியாகப் படியும். ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் பல்லாயிரம் ஆண்டு வரிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. சேற்றை வாசிக்கத் தெரிந்த ஒரு துறவிக் கூட்டம் உங்கள் உலகத்தில் இருந்தால், அரசவைப் புலவர்கள் பாடும் காலக்கணக்கை அவர்களால் பொய்யென்று காட்ட முடியும்.

காற்று, அலை, ஆழம்

பகலில் நிலம் சீக்கிரம் சூடாவதால் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும், இரவில் திரும்பும். பாய்மரப் படகுகள் விடியுமுன் நிலக்காற்றில் போய், மதியத்துக்கு மேல் ஏரிக்காற்றில் திரும்பும். படகுத்துறைக் காட்சியை எழுதும்போது இந்த நேரத்தை மாற்றாதீர்கள். ஆழமான ஏரி கோடையின் சூட்டைப் பிடித்துவைத்து இலையுதிர் காலத்தில் விடுவதால் கரையோரம் உறைபனி தாமதமாக வரும். பழத்தோட்டங்களுக்கு அதுதான் இடம். குளிர்காற்று ஏரியைக் கடந்து எந்தக் கரையில் ஏறுகிறதோ அங்கே பனி குவியும்.

பெருங்காற்று 10 கி.மீ. நீர்ப்பரப்பில் ஒரு மீட்டர் அலையையும், 50 கி.மீ. பரப்பில் இரண்டு மீட்டருக்கு மேலான அலையையும் எழுப்பும். ஏரி அலை கடல் அலையைவிட நெருக்கமானது, செங்குத்தானது. உயரம் குறைவாக இருந்தாலும் படகுக்கு மூச்சுவிட இடம் தராது. நீளவாக்கில் தொடர்ந்து காற்றடித்தால் தண்ணீரே ஒரு முனையில் குவிந்துவிடும். வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் இரு முனைகளுக்கும் 4 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வந்ததுண்டு. முற்றுகைக் காட்சிக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

எதிர்க்கரை தெரியுமா என்பதையும் கணக்கிட்டுவிடுங்கள். கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கி.மீ. என்று வரும். கரையில் நிற்பவருக்கு நான்கரை கி.மீ.; 30 மீட்டர் கோபுரத்தில் இருப்பவருக்கு ஏறத்தாழ இருபது. எதிர்ப்பக்கம் 600 மீட்டர் மலை இருந்தால் தெளிந்த நாளில் அதன் உச்சி 85 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் தெரியும், அடிவாரத்து ஊர் தெரியாது. துடுப்புப் படகுக்கு மணிக்கு 5 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அகலமான இடத்தில் 20 கி.மீ. கடக்க நான்கு மணி நேரம் ஆகும்.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமானது. அதனால் குளிர்நாட்டு ஏரியின் அடி ஆண்டு முழுக்க அந்தச் சூட்டை ஒட்டியே இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேலும் கீழும் கலக்கும். வெப்ப நாட்டு ஆழ ஏரிகளில் இந்தக் கலப்பு நடப்பதில்லை. டாங்கனிக்காவின் பெரும்பகுதி ஆழத்தில் ஆக்சிஜனே கிடையாது. அங்கே அடியில் மீன் மக்கள் வாழும் நகரத்தை வைக்க நினைத்தால் அவர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும். மிகக் குளிர்ந்த ஆழத்தில் உடல் அழுகுவது மந்தப்படுவதால் மூழ்கியவர்கள் மேலே மிதந்து வருவதில்லை. கரையோர மக்களின் ஈமச்சடங்கு இதை ஒட்டியே அமையட்டும்.

எத்தனை பேர் வாழலாம்

ஆழமான குளிர்ந்த ஏரி ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒருசில கிலோ மீன்தான் தரும். ஆழமற்ற வெப்ப ஏரி நூறு கிலோவைக்கூடத் தாண்டும். நம் ஏரி 98,000 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 5 கிலோ என்றால் 490 டன். ஒருவர் நாளுக்கு 200 கிராம் மீன் தின்றால் மொத்தமே சுமார் 6,700 பேருக்குத்தான் போதும். ஏரியை மட்டும் நம்பி லட்சம் பேர் வாழும் நகரம் எழுதாதீர்கள். வடமுனையின் வண்டல் வயலோ வணிகமோ சேர வேண்டும்.

கரை முழுக்க ஒரே இடைவெளியில் ஊர்களைத் தூவுவதும் தவறு. ஊர்கள் ஆற்று முகத்திலும், காற்றுக்கு மறைந்த வளைகுடாவிலும், தண்ணீர் வழியும் இடத்திலும் கூடும். வழியும் இடம் மிக முக்கியம்: பாலம், சுங்கம், ஆலை, கோட்டை எல்லாம் அங்கேதான் வரும்; கீழ்நாட்டின் தண்ணீரும் அங்கே உள்ளவர் கையில்தான். நீர்மேல் எல்லைக்கோடு போடுவதும் லேசான காரியமில்லை. கான்ஸ்டன்ஸ் ஏரியின் பெரும்பகுதியில் எல்லை எது என்று ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் இன்றுவரை ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே தலைநகர் கட்டிய அஸ்தெக்குகள் உப்பு நீரையும் நன்னீரையும் பிரிக்க நீண்ட கரை போட்டார்கள். 1521-இல் ஸ்பானியர்கள் 13 போர்ப் படகுகளை அதே ஏரியில் இறக்கித்தான் அந்த நகரத்தை வளைத்தார்கள்.

மாயத்தை எங்கே வைப்பது

வரவு செலவில் ஒரே ஓர் உறுப்பை மாயத்துக்கு விடுங்கள், மற்றதெல்லாம் பழையபடி நடக்கட்டும், பிறகு மறுபடியும் கணக்குப் போடுங்கள். ஏரியடியில் ஒரு தெய்வம் நொடிக்கு 50 கன மீட்டர் நீரை ஊற்றாகத் தருகிறது என்று வைப்போம். வெளியேறுவது 150 ஆகிறது. ஏரியின் 48 கன கி.மீ. நீர் முழுதும் மாற 15 ஆண்டுக்குப் பதில் பத்தே ஆண்டு போதும். ஆனால் வேகமான நீர் வாயை இன்னும் வேகமாக அரிக்கும். வரம் கொடுக்கக் கொடுக்க ஏரி இறங்கும். பூசாரிகள் வருடந்தோறும் வாயில் கல் அடுக்குவதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

ஏரிப் பிராணிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஐந்து டன் எடையுள்ள மிருகம் நாளுக்குத் தன் எடையில் 2 சதவீதம் தின்றால் ஆண்டுக்கு 36 டன். இனம் பெருக ஐம்பது வேண்டுமென்றால் 1,800 டன்னுக்கு மேல். மீனவர்கள் எடுக்கக்கூடியதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது பத்தில் ஒரு பங்கு உணவில் நூற்றாண்டுகள் வாழும் மந்தமான குளிர்ரத்தப் பிராணியாக்குங்கள்.

மாயம் போலத் தோன்றும் உண்மைகளையும் விட்டுவிடாதீர்கள். கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு, மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது திசை மாறி ஏரிக்குள் ஓடுகிறது. ஏரி பல மடங்கு விரிகிறது. காமரூனின் நியோஸ் எரிமலை ஏரி 1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆழத்தில் கரைந்திருந்த கரியமில வாயுவைக் கக்கியது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி சுமார் 1,700 பேரைக் கொன்றது. மேட்டில் படுத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். சபிக்கப்பட்ட ஏரியை எழுதுகிறீர்கள் என்றால் யார் பிழைத்தார் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதுங்கள்.

வரைபடத்தை முடிக்கும்போது இன்றைய கரையை முழுக்கோடாகவும் பழைய கரையைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். மூன்று நான்கு ஆழக்கோடுகள், ஆற்று முகத்தில் வண்டல் விசிறி, வழியும் இடத்தில் ஓர் அம்புக்குறி, மழைக்காலக் காற்றுக்கு இன்னொன்று. ஊர்ப்பெயர்களை எழுதுமுன், ஒவ்வோர் ஊரும் புள்ளிக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்: இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருக்கும் எந்த ஊரும் மட்டம் இறங்கியதற்குப் பின்னால்தான் தோன்றியிருக்க முடியும்.